மண்ணுக்கு முந்நூறு

கருங்கல்லில் ஒருநாள் வாடகைக்கு ஜீப் எடுத்தோம்.
ஞானசிகாமணி முன்பணத்தை இரண்டு முறை எண்ணிவிட்டுச் சொன்னார்:
"கடக்கரை மண்ணுல மட்டும் இறக்கப்பிடாது, கேட்டியளா."
சரி என்றோம்.
இறக்கத்தான் எடுத்திருந்தோம்.

பிலோமி மாலத்தீவில் நர்ஸ்.
அவள் தீவைச் சுற்றி நடக்க இருபத்திரண்டு நிமிடம்.
டியூட்டிக்கு முன் ஒரு சுற்று, பின் ஒரு சுற்று.
பதினோரு நாள் லீவில் வந்தவளிடம்
தீவு பார்க்கப் போவோமா என்றால்
சிரிக்காமல் என்ன செய்வாள்?

நான் நில அளவை அலுவலகத்தில் வரைவாளர்.
பழைய வரைபடத்தின் நகல் ஒன்று என் மடியில்:
தெற்கே கடல். வடக்கே கடலோடு கூடவே வரும் ஏ.வி.எம். கால்வாய்.
மேற்கே தேங்காய்ப்பட்டணத்தில் ஆறு வாய் திறக்கிறது.
கிழக்கே, குளச்சல் பக்கம்,
நீலம் கொஞ்சம் தயங்குகிறது.
"பாரு பிள்ளே, ஒல்லியா, சாவாளை மீன் கணக்கா.
இதுக்கு ஒருத்தரும் பேரு வைக்கல்ல."

"எப்போ தீவுக்குள்ள போவோம்?"
"பாலம் வரும்."

பாலம் வரவில்லை.
வாழை வந்தது, ரப்பர் ஷீட் காயும் முற்றம் வந்தது,
பெயின்ட் வாசம் மாறாத ஒரு கோயில்,
பிறகு ஒரு வளைவில் சட்டென்று கடல்.
திரும்பி ஏறினோம். மறுபடி இறங்கினோம். மறுபடி கடல்.
மூன்றாம் முறை
துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்ணிடம் கேட்டோம்.
கிளிப்பை வாயில் கவ்வியபடியே
தாடையால் காட்டினாள்.
பையன்கள் ஷட்டில் ஆடும் வலைக்கும் குருசடிக்கும் நடுவில்
நீளமாய் ஒரு பள்ளம்.
ஆகாயத்தாமரை. ஒரு பிரிட்ஜ் கதவு. கதவின் மேல் கொக்கு.
"இதாக்கும் கால்வாய்.
உங்க வண்டி நிக்கியதும் கால்வாயிலதான்."

பிலோமி செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கி
ஒரு கால் இந்தப் பக்கம், ஒரு கால் அந்தப் பக்கம்
வைத்து நின்றாள்.
போட்டோ எடு என்றாள்.
எடுத்ததில் தரை மட்டும்தான் தெரிந்தது.

இனயம் தாண்டி ஓரிடத்தில்
ரோட்டைக் கடல் எடுத்துப் போயிருந்தது.
பாறாங்கல் குவியலுக்கு இப்புறம் மணல்தான் வழி.
குட்டி கியரைப் போட்டேன்.
மூன்று சக்கரம் ஒத்துக்கொண்டன.
நாலாவது
தோண்டிக்கொண்டே போனது.
குழியில் தண்ணீர் ஊறியது.
பிலோமி விரலை நனைத்து நாக்கில் வைத்தாள்.
"உப்பில்லட்டி."

வள்ளத்தின் நிழலில் நாலு பேர் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள்.
"இந்தக் கை முடியட்டு" என்றார் ததேயு.
முடிந்தது. தோற்றவர்தான் முதலில் எழுந்து வந்தார்.
டயரில் காற்றைப் பாதி இறக்கி
சக்கரத்துக்கு அடியில் கிழிந்த வலையைத் திணித்து
தோள் கொடுத்தார்கள்.
வள்ளம் தள்ளிப் பழகிய தோள்கள்.
ஜீப் நேராகக் கடலுக்குப் போனது.
"லேய், அங்கோட்டு இல்ல, இங்கோட்டு!"
எல்லோரும் சிரித்ததில்
இன்னும் ஒரு சாண் புதைந்தது.

வண்டி வெளியே வந்த பிறகு
மடியில் விரித்ததைக் காட்டினேன்.
ததேயு ஈரக்கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார்.
"தீவா?
தீவுண்ணா நாலு பக்கமும் தண்ணி வேணுமே.
இங்க ஒரு பக்கத்துத் தண்ணிக்கே
மூணு வீடு போச்சு."
காசு நீட்டினேன்; வாங்கவில்லை.
சீட்டைக் கலைத்துப் போட உட்கார்ந்துவிட்டார்.

தேங்காய்ப்பட்டணத்தில் ஆறு முடிகிற இடம்வரை ஓட்டினோம்.
மீட்டரில் எவ்வளவு ஆனது என்று பார்க்க மறந்துபோனோம்.

இரவு ஏழரைக்கு ஞானசிகாமணி
டார்ச் அடித்து மிதியடியைத் தூக்கினார்,
உதறினார், சீட்டுக்கு அடியில் கைவிட்டார்,
பெருமூச்சு விட்டார்.
ரசீதில் வாடகைக்குக் கீழே எழுதினார்:
மண்ணுக்கு முந்நூறு.

பிலோமி ரசீதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள்.
"இருநூறு வச்சுக்கிடுங்க அண்ணா.
பாதி மண்ணு கால்வாய்க்குள்ளதாக்கும்."